பவழன் நடக்கிற அத்தியாயம்

ஆகஸ்ட் 4, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து போனைப் பார்த்தால் பதிப்பகத்திலிருந்து பதில் வந்திருக்கிறது. மாதங்கி மேடம் முதல் வரியிலேயே சொல்லிவிட்டார்: கதை பிடித்திருக்கிறது, ஆனால் இப்படியே போட முடியாது. கீழே நீளமாகக் குறிப்புகள். ஆரம்ப அத்தியாயங்கள் நகரவே இல்லை. நண்டு அளவுக்கு மீறிப் பேசுகிறது. உப்பு ராணி ஏன் கெட்டவள் ஆனாள் என்று எங்கேயும் சொல்லவில்லை. கடைசி அத்தியாயம் மட்டும் அருமை, அதைத் தொடவே வேண்டாம். திருத்திக் கொடுத்தால் கோடை விடுமுறைக்குப் புத்தகமாகக் கொண்டுவரலாமாம்.

ஜெரோமிடம் வாசித்துக் காட்டினேன்.

"நண்டக் குறைக்கணுமாமா? அந்த மேடத்துக்கு ரசனையே இல்லப்பா" என்றான்.

திருத்த வேலைக்காகவே இந்த நாட்குறிப்பைத் தொடங்குகிறேன். வேறு எதையும் இதில் எழுதுவதாக இல்லை. கதைச் சுருக்கத்தை மட்டும் ஒருமுறை எழுதி வைக்கிறேன். மழையே பெய்யாத வெண்ணாடு. அங்கே உப்பு ராணியின் நிழல் பட்ட பிள்ளைகள் காலிலிருந்து மேல்நோக்கி உப்பாக மாறுவார்கள். பவழன் என்ற பையன் மீது நிழல் பட்டுவிடுகிறது. எதற்கெடுத்தாலும் வாதாடுகிற 'வக்கீல்' என்ற நண்டு அவனுக்குத் துணை. இரண்டு பேரும் ராணியின் கோட்டைக்குப் போகிறார்கள். கடைசியில் வெண்ணாட்டில் முதல் மழை பெய்கிறது. உப்பு கழுவப்பட்டு பவழன் எழுந்து நடக்கிறான்.

ஜெரோம் சக்கர நாற்காலிக்கு வந்த வருஷம் வாய்வழியாகச் சொல்ல ஆரம்பித்த கதை. இப்போது அவனுக்குப் பதினைந்து முடிந்துவிட்டது.


ஆகஸ்ட் 7, புதன்

துறைமுகத்தில் கப்பல் தாமதம். ஆபீசிலிருந்து சீக்கிரமே கிளம்ப முடிந்தது. வந்ததும் கோட்டைக்குப் போகிற அத்தியாயத்தோடு உட்கார்ந்தேன். பவழனைக் கோட்டைச் சுவருக்கு மேலே தூக்கிவிட வேண்டும், எப்படி என்று பிடிபடவில்லை. நண்டால் தூக்க முடியாது. காற்று தூக்குவது பழைய உத்தி.

குளியலறையிலிருந்து எமல்டா கூப்பிட்டாள். "இந்தா வாரேன்" என்றேன். மறுபடியும் கூப்பிட்டாள். அப்புறம் ஈரக் கையோடு வந்து கதவில் நின்றாள்.

"கதையில உள்ள பையனச் சாயங்காலத்துல இருந்து தூக்கிட்டு இருக்கிய. இங்க உள்ளவன ஒரு நிமிஷம் தூக்குதியளா?"

போனேன். நான் போவதற்குள் அவளே ஜெரோமைக் குளிக்கிற பலகைக்கு மாற்றியிருந்தாள். அவன் வளர்ந்துவிட்டான், அவளுக்கு முதுகுவலி வேறு. என்னை வைத்துத் தூக்குவதென்றால் அவனுக்கும் பயம், எனக்கும் பயம். அவள் தூக்கினால் அவனுக்கு வலிப்பதில்லை.

சுவர்ப் பிரச்சினை தீர்ந்தது. சுவரில் ஒரு விரிசல் வைத்துவிட்டேன்.


ஆகஸ்ட் 15, வியாழன்

விடுமுறை. மத்தியானம் வரை ஜெரோமும் நானும் நண்டு பேசுகிற பகுதிகளைப் பார்த்தோம். டேப்லெட்டை நாற்காலியின் முன்பலகையில் சாய்த்து வைத்தால் அவனே பக்கம் தள்ளுவான். ஒரு விரல் போதும். நடுவில் இரண்டு தடவை விரலை நான் எடுத்து வைக்க வேண்டியிருந்தது. புழுக்கம்தான் காரணம் என்று நினைக்கிறேன், கை வியர்த்து வழுக்குகிறது.

அவனை மாதிரி திருத்துகிறவன் கிடைக்க மாட்டான். "இந்த இடத்துல நண்டு ஜோக் அடிக்காதுப்பா, அதுக்கும் பயமா இருக்கும்லா" என்றான். சரிதான். வெட்டினேன். மேடம் சொன்னபோது வராத மனசு அவன் சொன்னதும் வந்துவிட்டது.

சாப்பாட்டுக்குப் பிறகு கடைசி அத்தியாயத்தைத் திறக்கச் சொன்னான். அதில் வேலை இல்லை, மேடமே தொட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார் என்றேன்.

"அதுதான் தப்பா இருக்கு."

"என்ன தப்பு?"

"பவழன் இடுப்பு வரைக்கும் உப்பாயிட்டான். அப்புறம் மழ பெய்யுது. கரைஞ்சிரும்லாப்பா. காலே இல்லாமப் போயிரும்."

நான் சிரித்துவிட்டேன். இத்தனை நாள் எனக்கு எப்படித் தோன்றாமல் போனது? மாதங்கி மேடத்துக்கும் தோன்றவில்லையே!


ஆகஸ்ட் 16, வெள்ளி

மழைக்குப் பதில் பனி வைக்கலாம். வெண்ணாட்டுப் பனி உப்பைக் கரைக்காது, தோலாக மாற்றும். இதை இரண்டாம் அத்தியாயத்திலேயே ஒரு வரியில் சொல்லிவிட்டால் போதும்.


ஆகஸ்ட் 25, ஞாயிறு

பனியைப் பற்றி ஜெரோமிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னான்: "மழையா பனியாங்கிறது இல்லப்பா. அவன் நடக்கக் கூடாது."

"ஏன்?"

"அது பொய்."

"கதையே பொய்தானலே. நண்டு வாதாடுறது மட்டும் நெசமா?"

"நண்டு பேசும்னு மொதப் பக்கத்துலயே சொல்லிட்டிய, நானும் நம்பிட்டேன். ஆனா உப்பு எறங்கும்னு எங்கயுமே சொல்லல. ஏறிக்கிட்டேதான் இருக்கு. கடைசில மட்டும் எறங்குதுன்னா எப்படி?"

சின்னப் பிள்ளைகள் படிக்கிற கதை இது, முடிவில் அவர்களுக்கு ஒரு நம்பிக்கை கொடுக்க வேண்டும் என்று விளக்கினேன்.

"நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போதும் நீங்க இப்படித்தான் சொன்னிய. உசரமானா கால் சரியாயிரும்னு."

கோபமாகச் சொல்லவில்லை. கிரிக்கெட் ஸ்கோர் சொல்கிற மாதிரி சொன்னான். எமல்டா அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை நிறுத்திவிட்டாள்.

மாலையில் நான்காம் அத்தியாயம் முடித்தேன்.


செப்டம்பர் 3, செவ்வாய்

ஒரு வரி கூட ஓடவில்லை.


செப்டம்பர் 10, செவ்வாய்

மதுரைக்குப் போய்வந்தோம், தசைச் சிதைவு நோய்க்கான வழக்கமான பரிசோதனைதான். காருக்குள் ஏற்றி இறக்குவதற்குள் எமல்டாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

டாக்டர் நிறையப் பேசினார். எமல்டாதான் கேள்வி கேட்டாள். அவருக்குப் பின்னால் சுவரில் நுரையீரல் படம் ஒன்று மாட்டியிருந்தது. கிளை கிளையாகப் பிரிந்து போகிற குழாய்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் வெண்ணாட்டின் வரைபடம் எப்படி இருக்க வேண்டும் என்று புரிந்தது. ஒரே கழிமுகம், அதிலிருந்து இரண்டு பெரிய ஓடைகள், அப்புறம் எண்ண முடியாத சின்ன ஓடைகள். உப்பு ஏற ஏற ஒவ்வொன்றாக அடைபடும். புத்தகத்தின் முதல் பக்கத்தில் இந்தப் படத்தைப் போடச் சொல்லலாம்.

தூங்கும்போது மாட்டிக்கொள்கிற மூச்சு மெஷினை இனிமேல் பகலிலும் கொஞ்ச நேரம் போட வேண்டுமாம்.

ஜெரோம் டாக்டரிடம் நேராகவே கேட்டான். "இந்த மெஷினும் பத்தாமப் போச்சுன்னா அடுத்தது என்ன டாக்டர்?"

அவர் எங்களைப் பார்த்தார். எமல்டா, "சொல்லுங்க டாக்டர், அவனுக்குத் தெரியணும்" என்றாள். தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைக்கலாம் என்றார்.

"அதுக்கப்புறம்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் பார்மசியில் டோக்கன் வாங்க வேண்டும் என்று எழுந்து வந்துவிட்டேன். வரிசை நீளமாக இருந்தது.

திரும்பும் வழியில் அக்கா போன் செய்தாள். ஸ்பீக்கரில் இருப்பது தெரியாமல், "அவ வழியில வந்த சீக்குதான, நீ ஏன்டா வருத்திக்கிட்டுக் கெடக்க" என்று சொல்லிவிட்டாள். போனை வைத்தேன். எமல்டா ஜன்னல் பக்கம் பார்த்தபடி வந்தாள். விருதுநகர் தாண்டியும் திரும்பவில்லை. அக்காவுக்கு எப்போது எதைப் பேசுவது என்று தெரியாது.


செப்டம்பர் 20, வெள்ளி

மெஷினைப் போட்டுக்கொண்டு ஜெரோம் பேசினால் ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் காற்று வந்து இடிக்கிறது. "உப்பு... ராணி... பேசுற மாதிரி... இருக்குல்லா?" என்று கேட்டுச் சிரித்தான். ராணியின் பேச்சை இப்படியே மாற்றிவிட்டேன். நன்றாக வந்திருக்கிறது.


அக்டோபர் 2, புதன்

இன்று அவனே ஒரு முடிவு சொன்னான். மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னதால் வெகுநேரம் ஆனது. சுருக்கம் இதுதான்:

பவழன் கோட்டைக்குள் போகும்போது கழுத்து வரை உப்பு. ராணியின் நிழல் வெளியே வருகிற கதவு ஒன்று இருக்கிறது. அதை உள்ளே இருந்துதான் அடைக்க முடியும். அவன் அதில் சாய்ந்து நின்றுகொள்கிறான். முழுவதும் உப்பாகிறான். உப்பான உடம்பே கதவுக்குத் தாழ்ப்பாள் ஆகிவிடுகிறது. இனி எந்தப் பிள்ளை மேலும் நிழல் படாது.

"அப்போ அவன் செத்துப்போறானா?" என்றேன்.

"உப்பாயிருதான். சாகுதான்னு எழுத வேண்டாம். ஆனா ஏமாத்தவும் வேண்டாம்."

"வேண்டாம் ஜெரோம்."

"அவன் தோக்கலப்பா. வேலைய முடிச்சிட்டுத்தான் நிக்கான்."

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. எமல்டா வந்து அவன் மூச்சு முகமூடியைச் சரிசெய்தாள். பிறகு எனக்குக் காப்பி வைத்துவிட்டுப் போனாள்.


அக்டோபர் 12, சனி

கடைசி அத்தியாயத்தைப் பனியோடு எழுதி முடித்தேன். பவழன் முதலில் கட்டைவிரலை அசைக்கிறான். பிறகு பாதம். பிறகு முழங்கால். எழுதும்போது என் கால்களெல்லாம் கூசின. ஓடுகிறான். நண்டு பின்னாலேயே பக்கவாட்டில் ஓடுகிறது. நான் எழுதியதிலேயே சிறந்த பக்கங்கள் இவை என்று தைரியமாகச் சொல்வேன்.

அனுப்பிவிட்டேன். ஜெரோம் சாயங்காலம், "எங்கப்பா நிக்கிய?" என்று கேட்டான். ஒன்பதாம் அத்தியாயத்தில் என்றேன். அவன் சோர்வாக இருக்கிறான். இப்போது வாதாட வைத்தால் மூச்சு வாங்கும்.


அக்டோபர் 20, ஞாயிறு

மாதங்கி மேடம் பதில். "ரெமிஜியுஸ் சார், கடைசி அத்தியாயத்தைப் படித்துவிட்டு அழுதுவிட்டேன். பனி எவ்வளவு பொருத்தம்! இதுதான் குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டிய கதை." ஓவியரிடமும் கொடுத்துவிட்டார்களாம்.

யாரிடமும் சொல்லவில்லை.


நவம்பர் 1, வெள்ளி

நேற்று தீபாவளி. ஜன்னலெல்லாம் அடைத்து ஈரத்துணி கட்டியும் தெருப் புகை உள்ளே வந்துவிட்டது. ஜெரோமுக்கு இருமல். இருமுவதற்கும் பலம் வேண்டும். எமல்டா நெஞ்சுக்குக் கீழே கை வைத்து அழுத்தி அழுத்திச் சளியை எடுத்துவிடுகிறாள்.


நவம்பர் 4, திங்கள்

மதுரை ஆஸ்பத்திரி. நிமோனியா. தீவிர சிகிச்சைப் பிரிவு. மழை.


நவம்பர் 8, வெள்ளி

பரவாயில்லை என்கிறார்கள். பதிப்பகத்திலிருந்து அச்சுப்படி வந்திருக்கிறது. வராந்தாவில் உட்கார்ந்து எழுத்துப்பிழை பார்த்தேன். இருபக்கமும் பெஞ்சுகளில் ஆட்கள் துண்டை விரித்துப் படுத்திருக்கிறார்கள். 'பவழன்' சில இடங்களில் 'பவளன்' என்று விழுந்திருக்கிறது.

எமல்டா வெளியே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். லேப்டாப்பைப் பார்த்தாள்.

"என்னது இது?"

"கதை."

"முடிஞ்சிருச்சா?"

"ம்."

"ஒம்பதாம் அத்தியாயம்னு அவன்ட்டச் சொன்னியளே. உள்ள மூஞ்சில மூடியப் போட்டுக்கிட்டு 'அப்பா எங்க நிக்காவ'ன்னு சைகையில கேக்கான்."

அதற்குள் நர்ஸ் கூப்பிட்டுவிட்டார்.


நவம்பர் 11, திங்கள்

டாக்டர் எங்கள் மூன்று பேரையும் வைத்துப் பேசினார். இந்தத் தடவை தப்பித்துவிட்டான். அடுத்த தடவை குழாய் இல்லாமல் முடியாது. வேண்டுமா வேண்டாமா என்று இப்போதே தெளிவாக இருந்துகொண்டால் நல்லது என்றார்.

ஜெரோம் முகமூடியை எடுக்கச் சொன்னான். எமல்டா எடுத்தாள்.

"வேண்டாம்."

"பதினஞ்சு வயசுப் பையன்ட்ட இதக் கேக்கலாமா டாக்டர்?" என்றேன் நான். "நாங்க பெத்தவங்க இருக்கோம். வைங்க. என்ன வேணும்னாலும் வைங்க."

டாக்டர், அவன் விருப்பத்தையும் கேட்கத்தான் வேண்டும், நீங்கள் மூவரும் சேர்ந்து முடிவு எடுங்கள் என்றார். நான் எமல்டாவைப் பார்த்தேன். அவள் என் பக்கம் பேசுவாள் என்றுதான் நினைத்தேன்.

"இவ்வளவு நாளும் அவன் ஒடம்ப நாமதான் திருப்பிப் போட்டோம், தூக்குனோம், தொடச்சோம். ஒண்ணுல கூட அவன்ட்டக் கேட்டதில்ல" என்றாள். "இதையாவது அவன் சொல்லட்டும்."

கேன்டீனுக்குப் போய்விட்டேன். டீ ஆறிப்போகும் வரை அச்சுப்படி பார்த்தேன். பதினோராம் அத்தியாயத்தில் ஒரு பத்தி இரண்டு தடவை வந்திருக்கிறது.


நவம்பர் 16, சனி

அவனை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். மதியம் எமல்டா துணி காயப்போடப் போயிருந்தாள். வெளியே வெயில் அடித்தது.

"முடிவ வாசிங்கப்பா" என்றான்.

கதை முடிந்துவிட்டது என்று எமல்டா சொல்லியிருக்க வேண்டும். வாசித்தேன். கட்டைவிரல், பாதம், முழங்கால். எல்லாம் வாசித்தேன். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். முடித்ததும் அவன் முகத்தைப் பார்த்தேன். என்ன குறை சொல்லப் போகிறான் என்று காத்திருந்தேன்.

"நல்லாருக்குப்பா" என்றான்.

"நெசமாவா?"

"ம். நல்லா... ஓடுதான்."

அவனுக்குப் பிடித்துவிட்டது.


நவம்பர் 24, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டோம். முன்னறையில் ஆஸ்பத்திரிக் கட்டில் போட்டாயிற்று. மெஷின் இப்போது பகலெல்லாம் ஓடுகிறது. சாப்பிடும்போது மட்டும் கழற்றுகிறோம். சாப்பிடுவதே கொஞ்சம்தான்.

எமல்டாவிடம் சொன்னேன், முடிவு ஜெரோமுக்குப் பிடித்திருக்கிறது என்று. அவள் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாருக்குன்னானா?"

"ஆமா."

"வேற ஒண்ணும் சொல்லலியா?"

"இல்ல."

சட்டியை நிமிர்த்தி வைத்தாள். "நான் வச்ச புளிக்குழம்புக்கே நாலு குத்தம் சொல்லுதவன். உங்களுக்காகச் சொல்லிருக்கான். அது கூடவா தெரியல?"

கடைக்குப் போய் எலுமிச்சம்பழம் வாங்கிவந்தேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் வாங்கினேன்.


டிசம்பர் 1, ஞாயிறு

காலையிலிருந்து மழை. தெருவில் தண்ணீர் நிற்கிறது. எமல்டா அடுப்படியில் வேலையாக இருந்ததால் ஜெரோமின் காலைப் பிடித்துவிட நான் உட்கார்ந்தேன். கால் ரொம்பவும் மெலிந்துவிட்டது. எப்போது இப்படி ஆனது?

"ஜெரோம், நான் அந்த முடிவ மாத்திருதேன். நீ சொன்ன மாதிரியே எழுதுதேன்."

முகமூடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தான். காற்றுக்காகக் காத்திருந்து சொன்னான்.

"வேண்டாம்ப்பா. விடுங்க."

"நீதான சொன்ன, பொய்யின்னு."

"ஆமா. ஆனா... உங்களுக்கு... அது வேணும்லா. இருக்கட்டும்."

கண்ணை மூடிக்கொண்டான். எனக்குக் கையை எடுக்கத் தெரியவில்லை. அந்தக் காலைப் பிடித்தபடியே இருந்தேன். எமல்டா வந்து, "போதும், அவனுக்கு வலிக்கும்" என்றாள்.


டிசம்பர் 3, செவ்வாய்

ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டேன்.

எழுத உட்கார்ந்தேன். பவழன் கதவில் சாய்கிறான். அதற்கு மேல் போகவில்லை.


டிசம்பர் 8, ஞாயிறு

கழுத்து. தாடை. உதடு. ஒவ்வொன்றாக எழுதினேன். எழுதிவிட்டு வாசலில் போய் நின்றேன். எதிர்வீட்டு லூர்து அண்ணன், "என்ன தம்பி, பையன் எப்படி இருக்கான்?" என்று கேட்டார். இதுவரைக்கும் யார் கேட்டாலும் "பரவால்ல" என்றுதான் சொல்வேன். இன்று வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் கேட்டைத் திறந்துகொண்டு வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

முடிந்தது. பதிப்பகத்துக்கு அனுப்பினேன்.


டிசம்பர் 14, சனி

மாதங்கி மேடம் போனில் பேசினார். நல்லவர், அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. "சார், எழுத்து உலுக்குது. ஆனா எட்டு வயசுக் குழந்தை கையில இதை எப்படிக் கொடுக்கறது? பெற்றோர் சண்டைக்கு வருவாங்க. பழைய முடிவோட போடலாமா?"

முடியாது மேடம் என்றேன்.

"அப்போ எங்களால முடியாதே சார்."

சரி என்றேன். ஏன் இந்த மாற்றம் என்று கேட்டார். வீட்டில் ஒருத்தன் சொன்னான் என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.


டிசம்பர் 19, வியாழன்

ஃபாதர் வந்து ஜெரோமுக்கு எண்ணெய் பூசி, கடும் நோயாளிகளுக்குக் கொடுக்கிற நோயில்பூசுதல் கொடுத்துவிட்டுப் போனார். எமல்டா கூப்பிட்டிருக்கிறாள். இப்போதே எதற்கு என்று கேட்க நினைத்தேன். அவள் ஜெரோமின் நெற்றியிலிருந்த எண்ணெயைத் துடைக்காமல் விட்டிருந்தாள். கேட்கவில்லை.


டிசம்பர் 22, ஞாயிறு

மத்தியானம் ஜெரோமுக்குப் புதிய கடைசி அத்தியாயத்தை வாசித்தேன். எமல்டா கட்டிலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அவன் கை விரல்களை நீவிக்கொண்டிருந்தாள். பவழன் கோட்டைக்குள் நுழையும்போது ஜெரோம் விழித்திருந்தான். ராணி பேசும்போது ஒருமுறை உதடு சிரிப்பது போல இழுத்தது. கதவு வருவதற்குள் தூங்கிவிட்டான். இப்போதெல்லாம் அப்படித்தான். பேசும்போதே தூங்கிவிடுகிறான்.

நிறுத்தினேன்.

"ஏன் நிறுத்திட்டிய? வாசிங்க" என்றாள் எமல்டா.

இத்தனை வருஷத்தில் அவள் இந்தக் கதையில் ஒரு பக்கம் கேட்டதில்லை. நான் சொல்கிற நேரமெல்லாம் அவள் அடுப்படியிலோ குளியலறையிலோ இருப்பாள். வாசித்தேன். கடைசி வரி வரை வாசித்தேன். மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் அழவில்லை. "அந்தப் பையனுக்கு அம்மா கிடையாதா?" என்று கேட்டாள்.

எனக்குப் புரியவில்லை.

"கால் உப்பாகுது, இடுப்பு உப்பாகுது, கோட்டைக்குப் போறான், கதவுல நிக்கான். இவ்வளவுக்கும் கூட ஒரு நண்டுதான் இருக்கு. பெத்தவ எங்க போனா?"

குழந்தைகள் கதையில் அப்படித்தான், பையன் தனியாகப் போனால்தான் சாகசம் இருக்கும் என்று சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். முதல் வரைவிலும் இல்லை, இரண்டாவதிலும் இல்லை, மூன்றாவதிலும் இல்லை. செத்துப்போனாள் என்று கூட எழுதவில்லை. நினைக்கவே இல்லை. ஜெரோமும் கேட்டதில்லை. அவனுக்கு அம்மா எப்போதும் பக்கத்திலேயே இருந்ததால் கதையில் தேடத் தோன்றவில்லையோ என்னவோ.

"விடுங்க" என்றாள். எழுந்து அவனைத் திருப்பிப் போட்டாள்.


டிசம்பர் 25, புதன்

எமல்டா மட்டும் கோயிலுக்குப் போய்விட்டு ஓடி வந்தாள். கேக்கில் ஒரு துணுக்கை ஜெரோமின் உதட்டில் வைத்தோம்.


ஜனவரி 5, ஞாயிறு

காலையில், வெளிச்சம் வந்த பிறகு. எமல்டாவின் மடியில் தலை. குழாய் எதுவும் போடவில்லை. நான் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.


ஜனவரி 9, வியாழன்

கல்லறைத் தோட்டத்தில் மண் இன்னும் ஈரமாக இருக்கிறது. அக்கா வந்திருந்தாள். எமல்டாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். எமல்டா கையை அப்படியே தொங்கவிட்டபடி நின்றாள்.


ஜனவரி 17, வெள்ளி

மெஷினையும் கட்டிலையும் எடுத்துப்போக ஆள் வந்தார்கள். முன்னறை எவ்வளவு பெரியது என்று இப்போதுதான் தெரிகிறது. எமல்டா அந்த இடத்தில் பாயைப் போட்டுப் படுத்துக்கொள்கிறாள். அவளுடைய முதுகுவலி குறைந்திருக்கிறதா என்று கேட்டேன். குறைந்துவிட்டதாம். அதைச் சொல்லிவிட்டுத்தான் முதல் தடவையாகச் சத்தம் போட்டு அழுதாள்.


ஜனவரி 26, ஞாயிறு

முதல் அத்தியாயத்தைத் திறந்தேன். பதிப்பிக்க ஆள் இல்லை, வாசித்துக் காட்டவும் ஆள் இல்லை. இருந்தாலும் திறந்தேன். பவழன் கண்விழிக்கிற இடத்தில் 'அவனுடைய அம்மா' என்று எழுதினேன். அதற்குமேல் ஒரு சொல் வரவில்லை. பதினைந்து வருஷமாக ஒரே வீட்டில் இருந்தும், காலையில் அவள் என்னவெல்லாம் செய்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. நான் எழுந்து வரும்போது எல்லாம் முடிந்திருக்கும்.

எமல்டா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அந்தப் பையனோட அம்மா காலையில முழிச்சதும் மொதல்ல என்ன செய்வா?"

எதற்குக் கேட்கிறேன் என்று அவளுக்குப் புரிந்தது. என்னைப் பார்க்கவில்லை. முன்னறையில் கட்டில் கிடந்த இடத்தைப் பார்த்தாள்.

"மூச்சு இருக்கான்னு பார்ப்பா" என்றாள். "அப்புறந்தான் மத்த வேல."